தமிழ்நாட்டு விசையுந்துப் பந்தய வீரர்களும் உலகப் போட்டியும்

விசையுந்துப் பந்தயம் அல்லது மோட்டார் சைக்கிள் பந்தயம் இந்தியாவில் வேரூன்றிய இடங்களில் முதன்மையானது சென்னை. நாட்டின் பழமையான பந்தயக் கழகங்களுள் ஒன்றான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953 ஆம் ஆண்டு இங்கு தொடங்கப்பட்டது. தேசியப் பட்டம் வென்ற வீரர்களில் கணிசமானோர் இந்நகரத்தைச் சேர்ந்தவர்கள். உலக கிராண்ட் பிரீ விசையுந்துப் போட்டியில் கலந்துகொண்ட முதல் இந்தியரான எஸ். சரத்குமாரும் சென்னைக்காரரே. எனினும் ஏழு பதிற்றாண்டுகளாகப் பந்தயம் நடக்கும் ஓர் ஊரிலிருந்து உலகத் தரவரிசையில் நிலைத்து நின்ற வீரர் ஒருவரும் இதுவரை உருவாகவில்லை. இதற்குத் திறமைக் குறைவே காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகின்றது. வீரர்களின் தொழில்வாழ்வை நெருங்கிப் பார்த்தால், அவர்கள் எந்த வயதில் தொடங்கினார்கள், எந்த வண்டியை ஓட்டினார்கள், யாரிடம் சம்பளம் பெற்றார்கள் என்னும் மூன்று கேள்விகளுக்கான விடைகளே அவர்கள் எட்டக்கூடிய உயரத்தைத் தீர்மானித்தன என்பது புலப்படும்.

சொல்லும் பொருளும்

இவ்விளையாட்டு ஆங்கில வழக்கைப் பின்பற்றிச் சாலைப் பந்தயம் எனப்படுகின்றது. ஆனால் இது பொதுச் சாலையில் நடப்பதன்று. மூடிய தார்த் தடத்தில், ஒரே நேரத்தில் புறப்படும் வீரர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தடத்தைச் சுற்றிவருவதே இதன் அமைப்பு. மண் தடத்தில் நடைபெறும் மோட்டோகிராசு, பாலைவனங்களிலும் காட்டுவழிகளிலும் நாள்கணக்கில் ஓடும் ராலி ஆகியவை வேறு வகைகள். பொதுச் சாலைகளை அடைத்து நடத்தப்படும் பழைய வகைக்கு எடுத்துக்காட்டாக இன்றும் எஞ்சியிருப்பது, 1907 இல் தொடங்கிய மாண் தீவு டிடி பந்தயம். ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடம் மிகவும் ஆபத்தானது என்று முன்னணி வீரர்கள் புறக்கணித்ததை அடுத்து, 1976 ஆம் ஆண்டோடு அது உலகப் போட்டியின் பட்டியலிலிருந்து நீங்கியது.

தமிழ்நாட்டில் இச்சொற்குழப்பம் வெறும் சொற்குழப்பமாக நின்றுவிடவில்லை. செய்தித்தாள்களில் "பைக் ரேஸ்" என்ற சொல் பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ மெரீனாவிலோ இரவில் வண்டியோட்டிப் பிடிபட்ட இளைஞர்களைக் குறிக்கவே பயன்படுகின்றது. 2023 செப்டம்பரில் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டி விபத்துக்குள்ளான யூடியூப் பிரபலம் ஒருவர் கைதானபோது கிடைத்த செய்தி இடத்தில் நூறில் ஒரு பங்குகூட, அந்நெடுஞ்சாலையை ஒட்டியே அமைந்திருக்கும் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஆண்டுதோறும் முடிவாகும் தேசியப் பட்டத்துக்குக் கிடைப்பதில்லை. தலைக்கவசம், தோலுடை, மருத்துவ ஊர்தி, கொடியசைப்போர் என எல்லா ஏற்பாட்டுடனும் ஓட்டும் வீரனும், எதுவுமில்லாமல் சாலையில் ஓட்டுபவனும் பொதுமக்கள் பார்வையில் ஒருவராகிவிடுகின்றனர்.

சோழாவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை

சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் ஒன்று சோழாவரத்தில் இருந்தது. போருக்குப் பின் பயனற்றுக் கிடந்த அத்தளமே 1950கள் முதல் 1980களின் இறுதி வரை தென்னிந்தியாவின் பந்தயக் களமாக விளங்கியது. ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில் அமைந்த அதில் நீண்ட நேர்ப்பகுதிகளும் கூர்மையான திருப்பங்களும் மட்டுமே உண்டு. பந்தயத்துக்கென வடிவமைக்கப்பட்ட வளைவுகள் இல்லாத தடத்தில் வேகம் பழகலாம். வளைவில் வண்டியைச் சாய்த்து நுழைவதும், முறுக்கை அளந்து திறந்து வெளியேறுவதும் அங்கு பழக இயலா. அக்கலையே தடப் பந்தயத்தின் உயிர்.

வண்டிகளும் நாட்டின் தொழில் கொள்கையைச் சார்ந்தே மாறின. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்ததைத் திருத்தி ஓட்டினர். 1983 இல் ராஜ்தூத் 350, 1984 இல் இன்ட்–சுசுகி, 1985 இல் ஆர்எக்ஸ் 100 என ஜப்பானியத் தொழில்நுட்பம் கொண்ட இருவீச்சு எந்திரங்கள் வந்தபின் பந்தயத்தின் முகமே மாறியது. எடை குறைந்த, எளிதில் திருத்தக்கூடிய இவ்வெந்திரங்கள், பட்டறை மெக்கானிக்கையும் பந்தய வீரனையும் ஒருவராக்கின. சிலிண்டர் துளையை எப்படி அராவுவது, புகைக்குழாயின் நீளம் என்ன என்பவை குரு–சீட முறையில் கைமாறிய இரகசியங்கள். பின்னர்ப் புகை கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதால் இருவீச்சு வண்டிகள் சந்தையிலிருந்து மறைந்தன. அவற்றோடு, சொந்தப் பட்டறையிலேயே ஒரு வெற்றி வண்டியை உருவாக்கிவிடலாம் என்ற நிலையும் மறைந்தது.

திருப்பெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைத்த நிரந்தரத் தடம் 1990 இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 திருப்பங்களும் கொண்ட இத்தடம் இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்கியூட் எனப்படுகின்றது. கோயம்புத்தூருக்கு அருகில் செட்டிப்பாளையத்தில் 2003 இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர் நீளமுடையது. 1995 இல் சிறு விமான விபத்தில் மறைந்த பந்தய வண்டி வடிவமைப்பாளர் எஸ். கரிவரதனின் நினைவாகப் பெயரிடப்பட்டது. மூன்றாவதாக, உத்தரப் பிரதேசத்தின் கிரேட்டர் நொய்டாவில் 2011 இல் புத்தா இன்டர்நேஷனல் சர்க்கியூட் திறக்கப்பட்டது. நெடுங்காலமாக இந்திய வீரர்கள் தம் வாழ்நாள் முழுவதும் ஓட்டியவை இம்மூன்று தடங்களே. அவற்றில் இரண்டு தமிழ்நாட்டில் உள்ளன என்பதே தமிழ் வீரர்களின் ஆதிக்கத்துக்குப் பெரிதும் காரணம்.

நிறுவனமே அணி

ஒசூரைத் தளமாகக் கொண்ட டிவிஎஸ் நிறுவனத்தின் பந்தயப் பிரிவு 1982 இல் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் தொழிற்சாலை அணி என்று அது தன்னைக் குறிப்பிடுகின்றது. அன்றுமுதல் இந்தியப் பந்தய வீரனுக்கான உயர்ந்த பதவி, ஏதேனும் ஒரு விசையுந்து நிறுவனத்தின் ஊதியம் பெறும் ஓட்டுநராவதே. டிவிஎஸ், ஹோண்டா, யமகா, ஹீரோ ஆகியவை வெவ்வேறு காலங்களில் இப்பணியை அளித்துள்ளன.

இவ்வழியில் அமைந்த தொழில்வாழ்வுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு சென்னையைச் சேர்ந்த ஜெகன் குமார். டிவிஎஸ் அணிக்காக ஓட்டிய இவர் எட்டுக்குக் குறையாத தேசியப் பட்டங்களை வென்றவர். இவரது வெற்றிகளில் பெரும்பாலானவை 165 சிசி வரையிலான எந்திரங்களுக்கான பிரிவைச் சேர்ந்தவை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சிறிய வண்டியாகத் தோன்றலாம். ஆனால் திறன் குறைந்த வண்டியில் வேகமாக ஓட்டுவது எளிதன்று. வளைவில் இழந்த வேகத்தை நேர்ப்பகுதியில் மீட்கும் ஆற்றல் எந்திரத்துக்கு இல்லை; எனவே வேகத்தை இழக்காமலிருப்பதே முழு வித்தை. முன்செல்பவரின் பின்னால் காற்றெதிர்ப்புக் குறையும் இடத்தில் ஒண்டிச் சென்று, கடைசித் திருப்பத்தில் வெளிப்படுதல் இன்னொரு வித்தை. இவ்விரண்டிலும் தேர்ந்தவர்களை வெல்வது வெளிநாட்டு வீரர்களுக்கும் கடினம்.

நிறுவனத்துக்கு இதனால் கிடைப்பது தெளிவு. அப்பாச்சி என்ற பெயரில் விற்பனையாகும் வண்டிகள் பந்தயத் தடத்தின் புகழைச் சுமந்தே விற்கப்படுகின்றன. 2017 டிசம்பரில் வெளிவந்த ஆர்ஆர் 310 வண்டிக்கும் தடத்தில் பெற்ற அறிவு பயன்பட்டது. வீரனுக்குக் கிடைப்பது மாத ஊதியம், தரமான வண்டி, காயம்பட்டால் கவனிக்க ஓர் அமைப்பு. சொந்தக் காசில் ஓட்டி, கடன்பட்டு, இருபத்தைந்து வயதில் விலகிவிட்ட முந்தைய தலைமுறையினரோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றம் எனலாம்.

ஆனால் இதே ஏற்பாட்டில் ஓர் எல்லையும் அடங்கியுள்ளது. நிறுவனம் தான் விற்கும் வண்டியையே பந்தயத்தில் ஓட்ட விரும்பும். இந்தியாவில் மிகுதியாக விற்பவை 100 முதல் 200 சிசி வரையிலான வண்டிகள். ஆகவே தேசியப் போட்டியின் முதன்மைப் பிரிவும் அவ்வளவில் நின்றுவிடுகின்றது. உலகப் போட்டியின் மிகச்சிறிய பிரிவான மோட்டோ3 வண்டி 250 சிசி எந்திரம் கொண்டது எனினும், அது பந்தயத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டு, தெருவில் ஓடும் 165 சிசி வண்டியைப் போல் இரு மடங்குக்கு மேல் திறன் வெளிப்படுத்துவது. உயர்பிரிவான மோட்டோஜிபியில் 2023 ஆம் ஆண்டு முகெல்லோ தடத்தில் பிராட் பைண்டர் மணிக்கு 366.1 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். இவ்விரு உலகங்களுக்கும் இடையே ஏறிச்செல்லும் படிகள் இந்தியாவில் இல்லை. பத்து முறை தேசியப் பட்டம் வென்றாலும், வெல்பவர் அதே படியில் பத்து முறை நிற்கிறார்.

இதனை வீரர்களின் குறையாகவோ நிறுவனங்களின் வஞ்சகமாகவோ கொள்ளத் தேவையில்லை. விற்பனைக்காக நடத்தப்படும் பந்தயம் விற்பனையின் அளவுக்கே வளரும்.

2011: சரத்குமாரின் பருவம்

2011 இல் உலகப் போட்டியின் 125 சிசி பிரிவில் டபிள்யூடிஆர்–டென்10 அணியின் சார்பில், அப்ரிலியா வண்டியில் சரத்குமார் களமிறங்கினார். இந்தியப் பந்தய வரலாற்றில் இது மைல்கல். ஆனால் பருவத்தின் முற்பகுதியோடு அவர் பங்கேற்பு முடிந்துவிட்டது. புள்ளி எதுவும் கிடைக்கவில்லை. அவ்விடத்தில் வேறு வீரர்கள் அமர்த்தப்பட்டனர்.

இம்முடிவைத் தனியாக எடுத்துக்கொண்டால் தோல்வி என்றே தோன்றும். அவர் எவரோடு மோதினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு அப்பிரிவில் சாம்பியனானவர் எசுப்பானியரான நிக்கோலாசு தெரோல். இரண்டாமிடம் பெற்ற யோகான் சார்க்கோவும் மூன்றாமிடம் பெற்ற மாவெரிக் வின்யாலெசும் பின்னாளில் மோட்டோஜிபி பந்தயங்களை வென்றவர்கள். வின்யாலெசுக்கு அப்போது வயது 16. அவரைப் போன்றோர் எழுத்துக் கூட்டும் வயதிலேயே சிறுவண்டிகளில் தொடங்கி, ஒவ்வோராண்டும் ஒரு படி ஏறி, அங்கு ஓட்டப்படும் தடங்கள் பலவற்றை முன்பே அறிந்து வந்தவர்கள். சென்னையிலிருந்து சென்றவருக்கோ இருவீச்சுப் பந்தய எந்திரமும் புதிது, தடமும் புதிது, குளிரும் புதிது. அன்றைய விதிப்படி, முன்னணி வீரரின் நேரத்தில் 107 விழுக்காட்டுக்குள் தடத்தைச் சுற்றி முடித்தால்தான் பந்தயத்தில் நிற்கவே அனுமதி. சில நாள் பயிற்சியில் இந்த இடைவெளியை நிரப்புவது எவருக்கும் அரிது.

அதே 2011 ஆம் ஆண்டில் மகிந்திரா நிறுவனமும் அதே பிரிவில் உலகப் போட்டிக்குள் நுழைந்தது. அதன் வீரர்கள் பிரித்தானியரான டேனி வெப், செருமானியரான மார்செல் சுரோட்டர் ஆகியோர். 2016 ஜூன் 26 அன்று நெதர்லாந்தின் ஆசன் தடத்தில் மோட்டோ3 பந்தயத்தை மகிந்திரா வண்டி வென்றது. கிராண்ட் பிரீ பந்தயமொன்றை இந்திய நிறுவனம் வென்றது அதுவே முதன்முறை. வண்டியை ஓட்டியவர் இத்தாலியரான பிரான்செசுக்கோ பனாயா. பிற்பாடு 2022, 2023 ஆம் ஆண்டுகளின் மோட்டோஜிபி சாம்பியன். 2017 பருவத்தோடு மகிந்திரா விலகிக்கொண்டது. இந்தியப் பணமும் இந்தியப் பெயரும் உலக மேடைக்கு ஏற ஐந்தாண்டுகள் போதுமானவையாக இருந்தன. வீரனை உருவாக்க அக்கால அளவு போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆசியப் போட்டி

உலகப் போட்டி கைக்கெட்டாத நிலையில், ஆசிய சாலைப் பந்தயப் போட்டியே தமிழ் வீரர்களின் அடுத்த படியாயிற்று. 2018 இல் இப்போட்டியின் ஒரு சுற்று இருங்காட்டுக்கோட்டையில் நடந்தது. 2019 இல் ஹோண்டாவின் இந்தியக் கிளை, முழுவதும் இந்திய வீரர்களைக் கொண்ட அணியை 250 சிசி பிரிவில் இறக்கியது. ராஜீவ் சேது, செந்தில் குமார் என்ற இரு தமிழர்கள் அதில் ஓட்டினர். பின்னர் சென்னையைச் சேர்ந்த கவின் குவின்டல் அவ்வணியில் இடம்பெற்றார். 2022 முதல் டிவிஎஸ் நிறுவனம் ஆசியப் போட்டியோடு இணைத்துத் தன் ஆர்ஆர் 310 வண்டிகளுக்கான தனிப் பந்தயத்தை நடத்தத் தொடங்கியது.

இங்கும் ஒரு முரண் உண்டு. 250 சிசி பிரிவில் இந்திய வீரர்கள் ஓட்டிய ஹோண்டா சிபிஆர்250ஆர்ஆர் வண்டி இந்தியாவில் விற்கப்படுவதில்லை. இந்தோனேசிய, தாய்லாந்து வீரர்கள் உள்நாட்டிலேயே ஆண்டு முழுதும் பழகும் வண்டியை இந்தியர்கள் பெரும்பாலும் போட்டி நடக்கும் நாட்டில்தான் தொட முடிந்தது. ஹோண்டா 2010களின் இறுதியில் மோட்டோ3 வகையைச் சேர்ந்த என்எஸ்எப்250ஆர் வண்டிகளை இந்தியாவுக்குக் கொணர்ந்து, இளம் வீரர்களுக்கான தனிப் பந்தயத்தைத் தொடங்கியது இக்குறையை ஓரளவு தணித்தது.

தாய்லாந்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். சோம்கியத் சந்திரா 1998 இல் பிறந்தவர். ஆசிய இளம் திறனாளர் கோப்பை 2014 இல் தொடங்கப்பட்டபோது அவருக்கு வயது 15. 2016 இல் அக்கோப்பையை வென்றார். 2022 இல் இந்தோனேசியாவின் மண்டலிகா தடத்தில் மோட்டோ2 பந்தயத்தில் வெற்றி. 2025 இல் மோட்டோஜிபியில் இடம் பெற்ற முதல் தாய்லாந்தியர். புரிராம் தடம் திறக்கப்பட்டது 2014 இல்; அங்கு உலகப் போட்டி நடக்கத் தொடங்கியது 2018 இல். தடம், இளையோர் கோப்பை, உலகச் சுற்று ஆகிய மூன்றும் ஒரே வீரனின் வளர்பருவத்தில் வந்து சேர்ந்தன. சென்னையில் தடம் மட்டும் கால் நூற்றாண்டு முன்னதாகவே வந்தது, மற்றவை வரவில்லை.

வயது

மேற்கண்டவற்றிலிருந்து இயல்பாக எழும் முடிவு, சிறுவர்களை முன்னதாகவே தடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது. இந்தியாவில் பந்தயம் பெரும்பாலும் ஓட்டுநர் உரிமம் பெறும் பதினெட்டு வயதுக்குப் பின்னரே தொடங்கும் பழக்கம் இருந்தது. எசுப்பானியரான மார்க் மார்க்கெசு தன் 15 ஆம் வயதில், 2008 இல், உலகப் போட்டியில் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் இப்பழக்கத்தின் விலை தெரியும். பலமுறை தேசிய வாகையரான ரஜினி கிருஷ்ணன் சென்னையில் பயிற்சிக்கழகம் தொடங்கியதும், 2022 இல் சிறுவர்களுக்கான மினிஜிபி போட்டி இந்தியாவுக்கு வந்ததும் இக்குறையை நீக்கும் முயற்சிகளே.

ஆனால் 2023 ஆகஸ்ட் 5 அன்று, இருங்காட்டுக்கோட்டையில் தேசியப் போட்டியின் மூன்றாம் சுற்றின்போது, புதுமுக வீரர்களுக்கான பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயது வீரர் திருப்பமொன்றில் விழுந்து தலையில் காயமுற்று உயிரிழந்தார். அப்பருவத்தில் தொடர்ந்து வெற்றிகளைக் குவித்து வந்தவர் அவர். அமைப்பாளர்கள் அவ்வார இறுதியின் எஞ்சிய பந்தயங்களைக் கைவிட்டனர். அதே ஆண்டு ஜனவரியில்தான் அதே தடத்தில் கார்ப் பந்தய வீரர் கே. ஈ. குமார் தன் 59 ஆம் வயதில் விபத்தில் மறைந்திருந்தார்.

ஒரு சிறுவனின் இறப்புக்குப் பின் எழுந்த கேள்விகள் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியவை. பதின்மூன்று வயதில் இவ்வளவு வேகமான வண்டியைக் கொடுக்கலாமா என்பதே பேச்சு. வேகத்தைவிட முதன்மையான காரணி ஒன்று இருப்பதை ஐரோப்பிய அனுபவம் காட்டுகின்றது. 2021 ஆம் ஆண்டு மே மாதம் யேசன் துப்பாசுக்கியே என்ற 19 வயது வீரர் முகெல்லோவிலும், ஜூலையில் ஊகோ மில்யான் என்ற 14 வயது வீரர் அரகோனிலும், செப்டம்பரில் தீன் பெர்த்தா வின்யாலெசு என்ற 15 வயது வீரர் எரேசிலும் ஓட்டும்போது நேர்ந்த விபத்துகளால் இறந்தனர். மூவரும் ஓட்டியவை சிறு எந்திர வண்டிகள். மூவரும் விழுந்தபின் பின்னால் வந்த வண்டிகள் மோதியதாலேயே உயிரிழந்தனர்.

இதன் இயக்கம் எளிது. எல்லோரும் ஒரே திறனுடைய சிறு வண்டியை ஓட்டும்போது எவரும் எவரையும் விட்டு விலகிச் செல்ல இயலாது. பதினைந்து, இருபது பேர் ஒரே கொத்தாக, கையெட்டும் தொலைவில் ஓடுவர். பெரிய வண்டிப் பந்தயங்களில் வீரர்களுக்கிடையே இயல்பாக ஏற்படும் இடைவெளி இங்கு இல்லை. விழுந்தவரைச் சுற்றிச் செல்லப் பின்னால் வருபவருக்குக் கண்ணிமைக்கும் நேரம்கூடக் கிடைப்பதில்லை. விழுபவரைத் தடத்துக்கு வெளியே கொண்டுசென்று நிறுத்தும் சரளைப் பரப்பும், உடலைக் காக்கும் காற்றுப்பை உடையும் இவ்வகை விபத்தில் பயன் தரா.

ஒரே வகை வண்டிப் பந்தயங்கள் செலவு குறைந்தவை என்பதால் இந்தியாவில் இளையோர் பந்தயங்கள் ஏறக்குறைய அனைத்தும் அவ்வகையினவே. திறமையை அளக்க அவை சிறந்த வழி. வண்டி ஒன்றே என்பதால் வெல்பவன் உண்மையாகவே வெல்கிறான். செலவைக் குறைக்கும் அதே அமைப்பு கொத்தோட்டத்தையும் உண்டாக்குகின்றது. ஆகவே இங்கு வயதை மட்டும் விவாதிப்பது அரைகுறை விவாதம். ஒரு பந்தயத்தில் எத்தனை பேர் புறப்படலாம், பயிற்சி நேரங்களில் எத்தகைய இடைவெளி உள்ளவர்களை ஒன்றாக விடலாம், சிறுவர்கள் முழு நீளத் தடத்தில் ஓட்டுவதா அல்லது வேகம் குறைந்த சிறு தடத்திலா என்பவை அதே அளவு முதன்மையானவை.

பன்னாட்டு விசையுந்துக் கூட்டமைப்பு 2021 ஆம் ஆண்டின் இறப்புகளுக்குப் பின் விதிகளை மாற்றியது. உலகப் போட்டியில் நுழையக் குறைந்த வயது 2023 முதல் சில விதிவிலக்குகளுடன் 18 ஆக்கப்பட்டது. ஆசிய, ஐரோப்பிய இளையோர் கோப்பைகளுக்கு 14 வயது வரம்பாயிற்று. ஒரு பந்தயத்தில் புறப்படுவோர் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. இந்தியாவில் இவ்விளையாட்டை ஆளும் இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு 1971 இல் தொடங்கப்பட்டு, இப்பன்னாட்டு அமைப்பின் உறுப்பாகச் செயல்படுவது.

இம்மாற்றம் இந்திய வீரர்களுக்குச் சாதகம் என்று சிலர் கருதுகின்றனர். வாசல் 18 வயதில் திறக்கும் என்றால் தாமதமாகத் தொடங்கியவர் இழப்பது குறைவு என்பது அவர்கள் கணக்கு. இக்கணக்கு முழுமையானதன்று. வாசலில் நிற்கும் பதினெட்டு வயது எசுப்பானியர் அதற்குள் பன்னிரண்டு ஆண்டுகள் ஓட்டியிருப்பார். வரம்பு உயர்ந்தது நுழைவுக்குத்தான், பயிற்சிக்கு அன்று.

இது தொடர்பாகச் சட்டத்தையும் நோக்க வேண்டும். 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி 50 சிசிக்கு மேற்பட்ட வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட 18 வயது நிரம்ப வேண்டும். 2019 திருத்தத்தின்படி, சிறுவர் வண்டியோட்டிக் குற்றமிழைத்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. மூடிய தடம் பொதுச் சாலை அன்று. அங்கு செல்லுபடியாவது கூட்டமைப்பின் உரிமமே. எனவே ஒரு சிறுவன் வீட்டு வாசலில் ஓட்டினால் தந்தை குற்றவாளி. தடத்தில் அதைவிடப் பன்மடங்கு வேகத்தில் ஓட்டினால் பொறுப்பு முழுதும் ஒரு விளையாட்டு அமைப்பின் விதிநூலைச் சார்ந்தது. அவ்விதிநூல் எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும் என்பதற்கு இவ்வொரு வேறுபாடே போதும்.

தடத்துக்கு எட்டாத ஊர்கள்

தமிழ் வீரர்கள் என்று பொதுவாகச் சொன்னாலும், இவர்களுள் பெரும்பாலோர் சென்னைக்காரர்கள். அடுத்த நிலையில் கோயம்புத்தூர். தெற்கு மாவட்டங்களின் பெயர் அரிதாகவே காணப்படுகின்றது. தென்காசி மாவட்டத்தின் திருவேங்கடத்தை எடுத்துக்கொள்ளலாம். சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் இடைப்பட்ட இவ்வூரில் விசையுந்துக்கோ அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவருக்கோ பஞ்சமில்லை. கரிசல் காட்டு வண்டிப்பாதையில் மூட்டையோடு ஓட்டிப் பழகிய கை, சமநிலையில் எவருக்கும் குறைந்ததன்று. ஆனால் இங்கிருந்து இருங்காட்டுக்கோட்டை ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அண்மையிலுள்ள தடம் என்று சொல்லத்தக்கது செட்டிப்பாளையம். அதுவும் ஒரு முழுநாள் பயணம். தடத்தில் ஒரு நாள் பழக வண்டியை ஏற்றிச் செல்ல வேண்டும், தங்க வேண்டும், டயர் மாற்ற வேண்டும், தடத்துக்கு வாடகை தர வேண்டும்.

அருகிலுள்ள கோவில்பட்டியில் இதற்கு நேர்மாறான ஒரு வரலாறு உள்ளது. வளைகோற்பந்தாட்டம் அந்நகரில் தலைமுறைகளாக ஆடப்பட்டு வருகின்றது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சி மையமும் விடுதியும் அங்கு அமைந்தன. 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடிய மாரீசுவரன் சக்திவேல், கார்த்தி செல்வம் ஆகிய இருவரும் அம்மையத்தில் பயின்றவர்கள். கார்த்தியின் சொந்த ஊர் அரியலூர். ஏழை வீட்டுப் பிள்ளை வேறு மாவட்டத்திலிருந்து வந்து தங்கி, உண்டு, பயின்று நாட்டுக்காக ஆட முடிந்தது. விசையுந்துப் பந்தயத்தில் இத்தகைய விடுதி எதுவும் இல்லை. நிறுவனங்கள் நடத்தும் தேர்வு முகாம்களே ஒரே நுழைவாயில். அம்முகாமில் வெல்லுமளவு பழகுவதற்கான இடமோ, முன்பே தடத்தை எட்டியவருக்குத்தான் கிடைக்கும்.

தமிழ்நாடு அரசு மோட்டார் விளையாட்டைப் புறக்கணிக்கின்றது என்று கூறிவிட முடியாது. புயலால் ஒத்திவைக்கப்பட்ட பார்முலா 4 கார்ப் பந்தயம் அரசின் ஆதரவோடு 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலைத் தடத்தில் இரவில் நடந்தது. அது கார்களுக்கான காட்சி. இளமையில் விசையுந்துப் பந்தயங்களில் ஓட்டிய நடிகர் அஜித் குமார் 2025 இல் தன் கார் அணியோடு துபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் பங்கேற்றபோதும் தமிழகத்தின் கண் கார்களின் மேலேயே இருந்தது. விசையுந்தைவிடப் பன்மடங்கு செலவுள்ள விளையாட்டு மக்கள் கவனத்தைப் பெறுவதும், ஊர்தோறும் நிற்கும் இருசக்கர வண்டியின் விளையாட்டு அறியப்படாமலிருப்பதும் விந்தையே.

ராலி வகையில் நிலைமை சற்று வேறு. 2015 இல் பெங்களூர் சி. எசு. சந்தோசு டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியரானார். 2024 இல் கேரளத்தைச் சேர்ந்த ஆரித் நோவா, டிவிஎஸ் நிறுவனத்தின் ஆதரவு பெற்ற அணிக்காக ஓட்டி ராலி2 பிரிவை வென்று, ஒட்டுமொத்தத்தில் 11 ஆம் இடம் பெற்றார். ராலிக்குச் செலவுமிக்க தார்த் தடம் தேவையில்லை. மண்ணும் வழிகாட்டித் தாளும் உடல்வலிமையும் போதும். முப்பது வயதுக்கு மேலும் அதில் முன்னேறலாம். தொடங்கும் வயது அவ்வளவாகத் தடை செய்யாத பிரிவில் இந்தியர்கள் முன்னேறியிருப்பது, தடப் பந்தயத்தில் தடையாக நிற்பது எது என்பதை மறைமுகமாக உணர்த்துகின்றது.

இந்திய கிராண்ட் பிரீ

2023 செப்டம்பர் 22 முதல் 24 வரை புத்தா தடத்தில் முதன்முறையாக மோட்டோஜிபி நடந்தது. முதன்மைப் பந்தயத்தை இத்தாலியரான மார்க்கோ பெசெக்கி வென்றார். சென்னையில் பயின்ற வீரர்கள் பலர் தம் வாழ்நாளில் முதன்முறையாக உலக வீரர்களைத் தாம் அறிந்த தடமொன்றில் நேரில் கண்டது அப்போதுதான். 2024 பட்டியலில் இடம்பெற்றிருந்த இந்தியச் சுற்று பின்னர்க் கைவிடப்பட்டது. 2025 இல் நடக்கவில்லை. 2026 பட்டியலிலும் இந்தியா இல்லை. அவ்விரு பருவங்களுக்கும் தொடக்கச் சுற்றாக அமைந்தது தாய்லாந்தின் புரிராம்.